பினாங்கைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

(ஏற்காடு தலைச்சோலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மலைமேல் இருப்பவர்களிடம் வந்து கடலோரத்துத் துறைமுக ஊரைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். பதிலை ஓர் ஆளின் பெயரிலிருந்து தொடங்குகிறேன்: காரன்வாலிஸ். 1792இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை உடன்படிக்கைக்கு இழுத்து, பாரமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கில் சேர்த்த கவர்னர் ஜெனரல். இந்தச் சேர்வராயன் மலை வெள்ளைக்காரன் கைக்குப் போனது அந்தக் கையெழுத்தோடுதான். அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1786 ஆகஸ்ட் 11ஆம் தேதி, பிரான்சிஸ் லைட் என்கிற வணிகக் கப்பல் தலைவர் மலாய்க் கரையோரத் தீவு ஒன்றில் இங்கிலாந்துக் கொடியை ஏற்றினார். தீவு பினாங்கு. ஊருக்கு இங்கிலாந்து ராஜாவின் பெயரில் ஜார்ஜ் டவுன். கோட்டைக்கு யார் பெயர் என்று நினைக்கிறீர்கள்? அதே காரன்வாலிஸ்.

ஆக, உங்கள் மலையும் அந்தத் தீவும் ஒரே கம்பெனியின் பேரேட்டில் ஏறியவை. இங்கே 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டார். அங்கே மிளகு, ஜாதிக்காய், கிராம்பு என்று ஒவ்வொன்றாக நட்டுப் பார்த்தார்கள். காட்டை வெட்ட ஆள் தயங்கியபோது, லைட் பீரங்கிக்குள் வெள்ளிக்காசைத் திணித்துக் காட்டைப் பார்த்துச் சுட்டார், காசு பொறுக்கப் போனவர்கள் காட்டை வெட்டிக்கொண்டே போனார்கள் என்று ஒரு கதை அங்கே எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும். துரை காசு எறிந்தார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. வெட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தோட்டத்து மலையில் இருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தீவு யாருடையது? கெடா சுல்தானுடையது. கெடாதான் நம் ஆட்கள் கடாரம் என்று சொன்ன நாடு. 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பற்படை போய் இறங்கிய கடாரம். சயாமிடமிருந்து கம்பெனி தன்னைக் காப்பாற்றும் என்று நம்பித்தான் சுல்தான் தீவைக் கொடுத்தார். கம்பெனி வாக்குக் கொடுக்காமலே இடத்தை எடுத்துக்கொண்டது. 1791இல் அவர் படை திரட்டித் திரும்பப் பிடிக்கப் பார்த்துத் தோற்றார். ஆண்டுத் தொகை பேசி முடிந்தது. அந்தக் கணக்கில் கெடாவுக்கு இன்றைக்கும் வருஷா வருஷம் பணம் போகிறது. வாடகைக்கு எடுத்த ஊர் என்று ஒருவர் வேடிக்கையாகச் சொன்னால் மறுக்க முடியாது.

இனி ஊருக்குள் போவோம். நம் ஊரிலிருந்து போகிற பயணக் குழுக்கள் பினாங்கை எப்படிப் பார்க்கின்றன தெரியுமா? பேருந்தில் ஏற்றிப் பாம்புக் கோயில், கொடிமலை ரயில், புத்தர் கோயில், ஒரு கடைவீதி, சுவரில் வரைந்த ஓவியத்தின் முன்னால் ஒரு படம். மாலை விமானம். கொடிமலை ரயில் பழைய சமாசாரம்தான், 1923இல் ஓடத் தொடங்கியது. ஆனால் அந்த மலை எண்ணூறு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஏற்காட்டுக்காரர் அங்கே போய்க் குளிர் பார்ப்பது வீண் செலவு. உச்சியில் முருகன் கோயிலும் அதன் பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. அதற்காக வேண்டுமானால் ஏறலாம்.

நான் சொல்வது நடந்து பார்க்கிற வழி. செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்குங்கள். 1818இல் எழும்பியது, வெள்ளைத் தூண்கள், முன்னால் புல்வெளி. கட்டிய கைகள் கைதிகளுடையவை, பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள். அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஐந்து நிமிஷ நடையில் சீனர்களின் குவான் இன் கோயில், 1800 வாக்கில் வந்தது. வாசலில் ஆள் உயர ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருக்கும், கண் எரியும், புறாக்கள் அதையெல்லாம் பொருட்படுத்தாமல் தரையில் மேய்ந்துகொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் நடந்தால் மகா மாரியம்மன் கோயிலின் பின்பக்கம். ராஜகோபுரத்தைப் பார்க்க வேண்டுமானால் சுற்றிக்கொண்டு குயின் தெருவுக்குப் போக வேண்டும். 1833இல் எழுந்த கோயில். மறுபடி பெரிய தெருவுக்கு வந்தால் காசு மாற்றும் கடைகள், நகைக்கடைகள், கட்டிய பூச்சரம் தொங்கும் கடைகள். நாலு பேர் தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள். அதைத் தாண்டிக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801இல் காதர் மொய்தீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர், தம் சமூகத்துக்குக் கப்பித்தானாக, அதாவது தலைவராக, கம்பெனியால் ஏற்கப்பட்டவர், கம்பெனி கொடுத்த நிலத்தில் எழுப்பியது. இன்னும் தெற்கே போனால் அச்சே நாட்டு அரபு வணிகர் சையது உசேன் 1808இல் கட்டிய பள்ளிவாசல். அதற்கு அடுத்த சந்துக்குள் கூ குலத்துச் சீனர்களின் மண்டபம், 1901இல் எரிந்துபோய் 1906இல் மறுபடி எழுந்தது. எல்லாம் ஒரு கிலோமீட்டருக்குள்.

சுற்றுலாத் துறை இதற்கு நல்லிணக்கத் தெரு என்று பெயர் வைத்திருக்கிறது. கேட்க இனிக்கிறது. எனக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் சந்தேகம். இத்தனை கும்பிடுமிடங்கள் ஒரே தெருவில் வந்ததற்குக் காரணம் அன்பு இல்லை, நிலக்கணக்கு. கம்பெனி ஒவ்வொரு கூட்டத்துக்கும் இடத்தை அளந்து கொடுத்தது, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைவனை ஏற்றுக்கொண்டு அவன் மூலமாக ஆண்டது. 1867 ஆகஸ்டில் இதே தெருக்களில் பத்து நாள் வெட்டுக்குத்து நடந்தது. கீ ஹின், தோ பே காங் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் மோதின. வெள்ளைக்கொடி, செங்கொடி என்ற மலாய், தமிழ் முஸ்லிம் கூட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டன. கவனியுங்கள், சீனருக்கும் முஸ்லிமுக்கும் சண்டை என்று அது பிரியவில்லை. இரண்டு பக்கத்திலும் இரண்டு பேரும் இருந்தார்கள். சண்டையில்கூடக் கலந்துதான் நின்றார்கள். அந்த ஊரின் கலப்பு என்றால் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. சேர்ந்து வாழ்வதை அவர்கள் போதனையால் கற்கவில்லை. ஒரே கிணறு, ஒரே சந்தை, ஒரே அஞ்சடி என்று இருந்து பழகிக் கற்றார்கள்.

அஞ்சடி என்றது புரியாதவர்களுக்கு: கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடுகிற நடைபாதை. வெயில் படாமல், மழையில் நனையாமல் தெருக்கோடிவரை போகலாம். அதில் நாற்காலி போட்டு முடி வெட்டுவார்கள், செருப்புத் தைப்பார்கள், பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுவார்கள். ஜார்ஜ் டவுனில் பார்க்க வேண்டிய முதல் இடம் எது என்று கேட்டால் நான் அஞ்சடியைத்தான் சொல்வேன்.

கோட்டைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். நட்சத்திர வடிவக் கோட்டை, முதலில் மரத்தில் போட்டது. லைட் இறந்து பத்து வருஷம் கழித்துச் செங்கல்லாலும் கல்லாலும் எழுப்பினார்கள், அதுவும் இந்தியக் கைதிகளை வைத்து. போரில் ஒரு குண்டுகூடச் சுடாத கோட்டை. அதில் ஒரு டச்சுப் பீரங்கி இருக்கிறது, 1603இல் வார்த்தது, ஸ்ரீ ராம்பாய் என்று பெயர். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் அதன் குழாய்வாயில் பூ வைப்பது வழக்கம். நம்மவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தீவுக்கு 1802இல் யார் கொண்டுபோகப்பட்டார்கள் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிட்டதை இங்கே எல்லோரும் அறிவீர்கள். அதோடு கதை முடிந்ததாக நாம் நிறுத்திவிடுகிறோம். முடியவில்லை. சிவகங்கை அரசர் வேங்கன் பெரிய உடையத் தேவரையும், சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும், அவர்களோடு பாளையக்காரர் போரில் பிடிபட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்களையும் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றி இந்தப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். வேங்கன் உடையத் தேவர் அதே ஆண்டு சுமத்ராவின் பென்கூலனில் இறந்தார். துரைசாமி அப்போது சிறுவயதுப் பையன். அடுத்து வந்த அறுபது ஆண்டுகளில் எத்தனையோ கப்பல்களில் கைதிகள் போனார்கள். சாலை போட்டார்கள், பாலம் கட்டினார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள். நீங்கள் நடக்கிற தெருவின் அடியில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. வழிகாட்டி சொல்லாவிட்டால் நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள்.

கனமான விஷயம் பேசியாயிற்று, சாப்பாட்டுக்குப் போவோம். பினாங்கின் பெருமை நாசி கண்டார். நாசி என்றால் சோறு, கண்டார் என்பது காவடி மாதிரித் தோளில் போடுகிற கம்பு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் குழம்புச் சட்டியும் கட்டித் தோளில் சுமந்து துறைமுகக் கூலிகளுக்கு விற்றார்கள். கடையநல்லூரிலிருந்தும் நாகூரிலிருந்தும் ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்தும் போனவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு நடத்தும் கடைகள் ஊரெங்கும். கேம்பெல் தெருவில் ஹமீதியா என்ற கடை 1907 முதல் நடக்கிறது. வரிசையில் நின்று உங்கள் முறை வந்ததும் பாருங்கள்: பரிமாறுகிறவர் ஒரு கையில் தட்டு, மறுகையில் கரண்டி. சோற்றைக் குவித்துத் தட்டுவார். நீங்கள் காட்டுகிற மீனோ கணவாயோ கோழியோ ஏறும், வெண்டைக்காய் ஏறும். அதற்குப் பிறகுதான் அவர் வேலை தொடங்குகிறது. நாலைந்து சட்டிகளிலிருந்து ஒவ்வொரு கரண்டிக் குழம்பை, மீன் குழம்பின் மேல் ஆட்டுக்கறிக் குழம்பை, அதன் மேல் கருத்த சோயா ரசத்தை, மளமளவென்று ஊற்றுவார். 'பஞ்சிர்' என்று நீங்கள் கேட்டால் சோறு மூழ்குகிறவரை ஊற்றுவார், மலாயில் வெள்ளப்பெருக்கு. நம் வீட்டில் இப்படி நாலு குழம்பைக் கலந்து ஊற்றினால் அடிதான் விழும். அங்கே சீனரும் மலாயரும் அதற்காக நடுராத்திரியில் வரிசை கட்டி நிற்கிறார்கள்.

தைப்பூசத்தைச் சொல்லாமல் விட்டால் நகரத்தார் கோபித்துக்கொள்வார்கள். பினாங்குத் தெருவிலுள்ள அவர்களுடைய கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகும். 1894இல் இங்கிருந்து கப்பலில் போன ரதம். வழிநெடுகச் சீனர்கள் தேங்காயைக் குவித்து வைத்துக்கொண்டு ரதம் வருமுன் சிதறுதேங்காய் போடுவார்கள், தெரு வெள்ளையாகிவிடும். வேண்டுதல் நிறைவேறிய சீனக் கடைக்காரருக்கு முருகன் அந்நியர் இல்லை. இதையெல்லாம் யாரும் திட்டமிட்டு நடத்தவில்லை. மலையில் இப்போது 500க்கு மேற்பட்ட படியேறிப் போகிற பாலதண்டாயுதபாணி கோயில் 2012இல் குடமுழுக்குக் கண்டது.  

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் தலைச்சோலைக்கு வந்தேன். நீங்கள் பார்க்கப்படுகிற ஊரில் இருப்பவர்கள். மே மாதக் கோடைவிழாவில் இருபது கொண்டை ஊசி வளைவும் வண்டியால் நிரம்பும். வந்தவர்கள் ஏரியில் படகு விடுவார்கள், லேடீஸ் சீட்டில் நிற்பார்கள், பகோடா பாயிண்டில் படம் எடுப்பார்கள், சேர்வராயன் குகைக்குள் குனிந்து போய்க் காவேரியம்மனையும் கும்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள். இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் யார், எந்தத் தோட்டத்தில் யாருக்கு என்ன கூலி, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம் என்று ஒருவராவது உங்களைக் கேட்டதுண்டா? ஆகையால், வேறோர் ஊரைப் பார்க்கப் போனால் எதைக் கேட்க வேண்டும் என்பது பட்டணத்துக்காரர்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஜார்ஜ் டவுனில் கேட்க வேண்டியது வாடகை. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கட்டடங்களுக்கு அங்கே வாடகைக் கட்டுப்பாடு இருந்தது, 1966 சட்டம் அதை உறுதி செய்தது. அதனால் பிரம்பு பின்னுகிறவர், பெயர்ப்பலகை செதுக்குகிறவர், தொப்பி தைக்கிறவர், சவப்பெட்டி செய்கிறவர், மசாலா அரைக்கிறவர் எல்லோரும் குறைந்த வாடகையில் கீழே கடையும் மேலே குடியுமாகத் தலைமுறைகளாக இருந்தார்கள். மறுபக்கமும் உண்டு: வாடகை சொற்பம் என்பதால் வீட்டுக்காரர் ஓடு மாற்றவில்லை, கட்டடங்கள் ஒழுகின. 1997இல் சட்டத்தை நீக்கினார்கள். 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து கட்டுப்பாடு போயிற்று. வாடகை ஏறியது, குடியிருந்தவர்கள் தீவின் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். காலியான வீடுகள் சிலவற்றில் கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள். மனிதர் போன வீட்டில் குருவி. பிறகு 2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய ஊராக அறிவித்தது. நல்ல காரியம்தான், இடிப்பு நின்றது. கூடவே விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் ஆர்மீனியன் தெருச் சுவரில் இரண்டு குழந்தைகளை வரைந்து, நிஜ மிதிவண்டி ஒன்றை அந்தச் சுவரோடு பொருத்தினார். அழகான வேலை, குறை சொல்ல மாட்டேன். அந்த மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க ஒரு கூட்டம் எப்போதும் வரிசையில் நிற்கும். நிஜக் குழந்தைகள் சைக்கிள் ஓட்டிய தெருவில், சுவரில் இருக்கிற குழந்தைகளைப் பார்க்க டிக்கெட் எடுத்து வருகிறார்கள்.

இது ஏற்காட்டுக்கும் வருகிற விஷயம். தோட்டங்கள் துண்டு துண்டாக விடுதியாக மாறுவதை நீங்களே பார்க்கிறீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேலை வருகிறது. வாடகையும் நிலவிலையும் ஏறும்போது இங்கே பிறந்தவன் இங்கேயே இருக்க முடிகிறதா என்று மட்டும் ஊராட்சிக் கூட்டத்தில் கேளுங்கள். ஜார்ஜ் டவுன்காரர்கள் அதைக் காலம் கடந்து கேட்டார்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா விசா கேட்பதில்லை. இந்தச் சலுகையைக் காலக்கெடு வைத்து நீட்டிக்கொண்டு வருகிறார்கள், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய ஊருக்குள்ளேயே தங்குங்கள். காலை ஏழு மணிக்கு நடங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் கொல்லும். அஞ்சடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் தமிழில் பேச்சுக் கொடுங்கள், சிலருக்குப் புரியும். பூச்சரமோ மசாலாவோ வாங்குவதைப் பெரிய கடைவளாகத்தில் வாங்காமல், அந்தத் தெருவில் இன்னும் வாடகை கொடுத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கிறவரிடம் வாங்குங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த மாவட்டங்களில் திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காட்டோடு சேலமும் ஒன்று. 1938இல் இந்திய அரசு நிறுத்துகிறவரை கங்காணிகள் ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் முதலில் பார்த்த வெளிநாட்டுத் துறை பெரும்பாலும் பினாங்கு. ரஜூலா கப்பல் 1926இல் கட்டப்பட்டு 1973வரை அந்த வழியில் ஓடியது. உங்கள் பாட்டனார்களில் சிலர் அதன் தளத்தில் படுத்துப் போனவர்களாக இருக்கலாம். மலைக்குக் கீழே உள்ள உறவுக்காரர் வீடுகளில் பழைய தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பினாங்கு முத்திரை விழுந்த கடிதமோ, பயணச் சீட்டோ, தோட்டத்துச் சீட்டோ இருந்தால் கரையானுக்கு விடாதீர்கள். கைபேசியில் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுங்கள், யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பெரியவர்களைக் கேட்டுப் பின்னாலேயே எழுதுங்கள், ஒரு நகலைப் பக்கத்து நூலகத்தில் கொடுங்கள். கேட்கப்பட வேண்டியவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. இந்த மாதமே கேட்டுவிடுங்கள்.